சங்கத்துக் கொம்பியூட்டருக்குச் சுருக்குப் போட்ட கதை

எட்வேட் அண்ணை சங்கக் கந்தோர் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் மீன் பை, மறு கையில் செருப்பு. அவர் செருப்பைக் கழற்றிக் காலடியில் விட்டால் கோயிலுக்கு வந்திருக்கிறார், கையில் எடுத்தால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்பது எங்கள் ஊர் நாரந்தனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"பிலோமினா, இஞ்சை ஆர் சுருக்குப் போட்டது?"

"நான்தான் அண்ணை."

"நீரோ?"

"வேற ஆர் இந்தக் கந்தோரில வேலை செய்யினம்? எல்லாத்துக்கும் போட்டாச்சு. திறமா வேலை செய்யுது."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். "சின்னஞ்சிறிசுகள்?"

"சின்னன் பெரிசு பார்க்கேல்லை. அகப்பட்டதெல்லாம் உள்ளுக்க. பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் இப்ப பாதி."

"தலைவருக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? அவர்தானே போடச் சொன்னவர்."

செருப்பு கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. திரும்பி, வெறுங்காலோடு தார் ரோட்டில் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அது உச்சி வெயில். மனுசனுக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்து, செருப்பை எடுத்து என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் வலை விஷயங்களைப் பார்க்கும் பொறுப்பு எட்வேட் அண்ணையுடையது. சுருக்கு என்றால் அவருக்கு ஒரேயொரு பொருள்தான். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் போட்டு, அடிக்கயிற்றை இழுத்து வாயை மூடி, குஞ்சு குருமான் வரை அள்ளிக்கொண்டு வருகிற சுருக்கு வலை. எங்கள் சங்கம் அதைத் தடைசெய்திருந்தது. தடைசெய்ய வேண்டும் என்று கூட்டத்தில் மேசையில் அடித்தவரே அவர்தான்.

எனக்குச் சுருக்கு என்றால் கொம்பியூட்டர்.

இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்து இரண்டு பக்கம் இழுத்தோம். அதில் கிழியப்போனது சங்கத்தின் கொம்பியூட்டர்.

வாசகர் ஒருவருக்கு

போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சமாதானப் பேச்சு நடந்த அந்தக் காலத்தில் தீவுப்பகுதியில் கொம்பியூட்டர் இருந்ததா, கதை அளக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்.

இருந்தது ஐயா. எங்களிடம் தண்ணீர் இல்லை, நல்ல ரோட்டு இல்லை, கடலுக்குப் போக நேவி தரும் பாஸ் இல்லாமல் ஏலாது. ஆனால் கொம்பியூட்டர் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து அங்கே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் வேலை செய்த இடத்தில் பழைய கொம்பியூட்டர்களை எறிந்தார்கள். அங்கே குப்பை எறிவதும் லேசான காரியமில்லையாம். ஊருக்கு அனுப்பினால் அது குப்பை இல்லை, உதவி. அப்படி ஒரு பெரிய மரப்பெட்டியில், பழைய குளிர்ச்சட்டைகளுக்கு நடுவில், எங்கள் கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. குளிர்ச்சட்டையை நாரந்தனையில் யார் போடுவது என்று அவர்களும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டிக்கு மேலே மூடப் பாவித்தோம். நல்ல துணி.

கொம்பியூட்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. சங்க வேலைக்கு ஒழுங்காகப் பாவிக்க வேண்டும். இல்லாவிட்டால் புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு வாசிகசாலைக்குப் போய்விடும். இறுப்பிட்டியார் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். புங்குடுதீவார் வியாபாரம் செய்த சனம். பொருள் ஒன்று எங்கே சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்கு மணக்கும்.

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். மற்றவர்கள் பார்வைக்கு வைத்தாலும், எனக்கு வேலைக்கு வேண்டும். கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க விண்ணப்பம் எழுத வேண்டும். படகுப் பதிவுக்கு எழுத வேண்டும். வலை காணாமல் போனால், ஆள் காணாமல் போனால், எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும். நான் கையால் எழுதிக் கொடுத்தவை மேசைகளில் கிடந்து மஞ்சளாகின. பட்டினத்துக்குப் போய் டைப் அடித்துக்கொண்டு வந்தவை மறுமொழியோடு திரும்பின. கையால் எழுதினது கிடக்கும், அடிச்சது நடக்கும் என்று எங்கள் சனம் சொல்லும். ஒரு விண்ணப்பம் அடிக்க ஒரு நாள் தொழிலை விட்டுப் பட்டினம் போக வேண்டும். கொம்பியூட்டர் இருந்தால் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் ஆசை.

இடம் இல்லை

பெட்டி பெரிது. உள்ளே இடம் இல்லை. ஒரு பாட்டுச் சீடியில் கொள்ளுகிற அளவுகூட அதன் ஹாட் டிஸ்க்கில் கொள்ளாது. ஆங்கிலத்தில் அடிக்கும் புரோகிராமை ஏற்றினேன். கணக்குப் புரோகிராமை ஏற்றினேன். தமிழ் அடிக்கும் புரோகிராமை ஏற்றப் போனால் இடமில்லை என்றது. ஒன்றை இறக்கினால்தான் மற்றதை ஏற்றலாம். திருவிழாக் காலத்தில் நயினாதீவு வள்ளத்தில் ஏறப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இறக்கக்கூடியது ஒன்று இருந்தது. தலைவரின் சீட்டு விளையாட்டு.

எங்கள் தலைவர் அந்தோனிப்பிள்ளை சம்மாட்டியார். மூன்று படகு வைத்திருந்தவர், நல்ல மனுசன், ஆனால் காலையில் வந்தவுடன் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து சீட்டு விளையாடாவிட்டால் அன்றைக்குக் காற்று மாறிவிடும் என்று நம்புகிறவர். நாலு பேர் கூடி முன்னூற்றிநாலு சீட்டு விளையாடிப் பழகியவருக்கு அந்தத் தனிச்சீட்டில் ஒரு குறை. ஏசுவதற்குக் கூட்டாளி இல்லை. அதனால் என்னை ஏசிக்கொண்டு விளையாடுவார்.

அந்த நேரத்தில்தான் என் மாமியின் மகன், பட்டினத்தில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவன், ஒரு பிளொப்பி தந்தான்.

"மச்சாள், உதுக்குள்ள ஒரு சின்னப் புரோகிராம் கிடக்கு. மற்றப் புரோகிராமுகளை அது அமத்திப் பாதியாக்கும்."

"பாதி வெட்டுப்பட்டால் எப்பிடி வேலை செய்யும்?"

"வெட்டிறேல்லை, சுருக்கிறது. நீங்கள் படுக்கிற பாய் மாதிரி. பகலில சுருட்டி மூலையில வைக்கிறியள். இரவில விரிக்கிறியள். பாய் குறைஞ்சு போகுதே? இதுவும் அப்பிடித்தான். நீங்கள் மவுசில அமத்தினவுடன தன்னைத் தானே விரிச்சுக்கொண்டு ஓடும். முடிஞ்சால் திரும்பவும் சுருண்டபடி."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. கந்தோருக்கு வந்து கணக்குப் புரோகிராமைச் சுருக்கிப் பார்த்தேன். பாதியானது. அமத்தினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓடியது. பிறகு என்ன, கண்டதையெல்லாம் சுருக்கினேன். தமிழ் புரோகிராம் வந்து காலை நீட்டிப் படுத்த பிறகும் இடம் மிச்சம்.

சீட்டைச் சுருக்கப் போனபோதுதான் தலைவர் என் கையைப் பிடித்தார்.

"மற்றதுகளுக்குப் போடு பிள்ளை. உதில கை வைக்காதை."

"ஒண்டும் நடக்காது சம்மாட்டியார்."

"சுருக்கினால் ஐம்பத்திரண்டு தாளும் இருக்குமோ?"

"இருக்கும்."

"எண்ணிக் காட்டுவியோ?"

"விசர்க் கதை கதைக்காதையுங்கோ. தாள் எங்கை போகும்?"

"பாதியாகுது எண்டு நீதானே சொன்னனீ. பாதி எண்டால் இருபத்தாறு. ஆர் எனக்கு மிச்ச ராசாவையும் ராணியையும் தாறது?"

நான் விட்டுவிட்டேன். அந்தச் சீட்டு மட்டும் சுருங்காமல், முழு உடம்போடு, கொம்பியூட்டருக்குள் தனிக்காட்டு ராசாவாக இருந்தது. அது பின்னால் என்ன வேலை பார்த்தது என்று சொல்கிறேன்.

சுருக்குவது பற்றி ஒரு சொல்

பாதை விட்டு விலகுகிறேன். விலகாமல் எழுத எனக்கு வராது.

சுருக்குவது எங்களுக்குப் புதிதில்லை. சண்டை வந்து ஓடச் சொன்னபோது ஒரு வீட்டை ஒரு பொதியாகக் கட்டிக்கொண்டு ஓடின சனம் நாங்கள். என் அம்மா தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி ஐந்து சேலையில் சுற்றினா. கால்கள் வீட்டில் நின்றன. திரும்பி வந்தபோது கால்களும் இல்லை, வீட்டுக் கூரையும் இல்லை. பெரியம்மா அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தா. அம்மியை விட்டுவிட்டு. ஏன் என்று கேட்டதற்கு, "அம்மி எங்கையும் எடுக்கலாம், என்ரை கைக்குப் பழகின குழவியை எங்கை எடுக்கிறது" என்றா. பொதியைச் சுமந்த என் அண்ணன் அன்று அவவைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போகிற வழியெல்லாம் சோதனையில் பொதியை அவிழ்க்கச் சொன்னார்கள். கட்டினோம், அவிழ்த்தோம், கட்டினோம். பொதி கட்டியிருந்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. கட்டாமல் கொண்டுபோக ஏலுமா? அதைக் கேட்க வாய் இருந்தது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வரத்தான் வழி இல்லை.

அந்தச் சுருக்கும் புரோகிராமில் எனக்கு ஒன்று பிடித்திருந்தது. ஏற்கனவே சுருக்கின ஒன்றைக் கொடுத்தால் எடுக்காது. இது முன்னமே சுருங்கியது, இதற்குமேல் ஏலாது என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிடும். பெட்டிக்குள் அப்படி ஒன்று இருந்தது. நான் சுருக்காதது. வெளிநாட்டிலிருந்து வரும்போதே சுருங்கி வந்தது. ஏதோ நாலு எழுத்தும் ஒரு இலக்கமும்தான் பெயர். என்ன செய்யும் என்று தெரியவில்லை. தன்பாட்டில் கிடக்கட்டும் என்று விட்டேன்.

சுருக்கு இல்லை, சுருட்டு

வெறுங்காலோடு போனதற்கு அடுத்த நாள் எட்வேட் அண்ணை செருப்பு எடுக்க வந்தார். தலைவர் கொம்பியூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தார். மூன்று பேரும் கதைத்தபோதுதான் விஷயம் வெளித்தது.

"வலை இல்லை அண்ணை," என்றேன். "கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற புரோகிராமுகளை ஒடுக்கிறது. சுருக்கு எண்ட சொல்லை விடுங்கோ. சுருட்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

"இப்ப சுருட்டும் சுத்துறியளோ கந்தோருக்குள்ள?"

"ஐயோ, படகில பாயைச் சுருட்டி மரத்தோட கட்டுறியளே, அது. காத்து வந்தால் அவிழ்த்து விடுறது. பாய் குறையிறேல்லை."

அது அவருக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் முகம் கறுத்தது.

"பிழை விட்டிட்டன் பிள்ளை."

"என்ன பிழை?"

"நேற்றே பட்டினத்துக்குப் போய், கொம்பியூட்டர் தந்த ஆக்களின்ரை பெடியனிட்டைச் சொல்லிப்போட்டன்."

வெளிநாட்டுச் சங்கத்தாருக்குப் பட்டினத்தில் ஒரு பிரதிநிதி இருந்தான். சிறிகாந்தன் என்று பெயர், படித்த பெடியன். தலைவரே சுருக்குப் போடச் சொன்னார் என்று நான் சொன்ன பிறகு, முறையிட இவருக்கு வேறு ஆள் தெரியவில்லை.

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"கந்தோருக்குள்ள சுருக்குப் போடுகினம், பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் பாதியாப் போச்சு, சின்னன் பெரிசு ஒண்டும் தப்பேல்லை எண்டு."

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"'வைரஸ்' எண்டான். நான் அது வலையின்ரை இங்கிலீசுப் பெயராக்கும் எண்டு 'ஓம்' எண்டிட்டன்."

தலைவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு தாளை இழுத்து வைத்தார். "எட்வேட், உமக்கு விளங்காத கதைக்கு ஓம் சொல்லுற பழக்கம் கலியாணத்தோட தொடங்கினது."

காவல்காரன் வந்தான்

அந்தக் கிழமை முடியமுன் சிறிகாந்தன் வந்தான். வாடகை வானில் வந்தான். வானைப் பார்த்ததும் பெட்டியை ஏற்றத்தான் வந்திருக்கிறான் என்று விளங்கியது. ஆள் மட்டும் வருவதென்றால் பஸ் போதும்.

எட்வேட் அண்ணையும் அன்று வந்திருந்தார். அவருடைய கடற்பாஸ் முடியப்போகிறது. புதுப்பிக்கிற விண்ணப்பத்தை நான் தமிழில் பாதி அடித்து வைத்திருந்தேன்.

பெடியன் பிந்தி வந்தான், கொதித்துக்கொண்டு வந்தான். பண்ணைப் பாலத்துச் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்துவிட்டார்களாம்.

"ஒவ்வொரு சீடியா வெளிய எடுத்து வெயிலில பிடிச்சுப் பார்க்கிறாங்கள் அக்கா. பை கட்டியிருந்தால் அதுக்குள்ள குண்டு இருக்கெண்டு அர்த்தமோ? ஆரெண்டு விசாரிக்கிறதும் இல்லை. மனுசரை நம்பத் தெரியாத சனம்."

"இரும் தம்பி. தேத்தண்ணி குடியும்," என்றேன்.

குடித்தான். ஜெனரேற்றரைப் போட்டோம். அவன் ஒரு சீடியை எடுத்தான். வைரஸ் பிடிக்கும் புரோகிராம். அதை ஏற்ற இடம் வேண்டும். நான் கிழமைக்கணக்கில் சுருக்கிச் சுருக்கி மிச்சம் பிடித்த இடம் முழுவதையும் அந்தக் காவல்காரன் எடுத்துக்கொண்டான். எங்கள் ஊரில் காவலுக்கு வந்தவர்கள் எந்தெந்த வீடுகளில் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டம்.

பிறகு தேடத் தொடங்கியது. சிவப்பு எழுத்தில் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. சிவப்பு வரிசையாக இறங்கியது.

"பாத்தீங்களோ அக்கா? பெட்டி முழுக்க."

"எதுகள் தம்பி உது?"

"எல்லாம் சந்தேகமானது. நான் எடுத்துவிடுறன்." எடுத்துவிட்டான்.

கொம்பியூட்டர் முகப்பைப் பார்த்தேன். தமிழ் இல்லை. ஆங்கிலம் இல்லை. கணக்கு இல்லை. வெறும் நீல நிறத்துக்கு நடுவில் ஒரேயொரு படம் இருந்தது. தலைவரின் சீட்டுக்கட்டு.

சிறிகாந்தன் அதை அமத்தினான். தாள்கள் விழுந்து பரவின. ஐம்பத்திரண்டும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

"இதுக்கோ கொம்பியூட்டர் தந்தது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அது வந்து, கை பழகிறதுக்கு."

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நான் உள்ளதை எழுதத்தான் வேணும். சங்க வேலை ஒண்டும் இதில இல்லை. வைரஸும் சீட்டும்தான் கிடக்கு. வெளிநாட்டுச் சங்கத்தார் பெட்டியை இறுப்பிட்டிக்கு ஏத்தச் சொல்லிப்போட்டினம்."

"என்ரை பாஸ்?" என்றார் எட்வேட் அண்ணை.

"என்ன பாஸ்?"

"என்ரை விண்ணப்பம் அதுக்குள்ள கிடக்கு. பாதி அடிச்சபடி."

நான் அப்போதுதான் எழும்பினேன். இவ்வளவு நேரம் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

"தம்பி, அதுகள் வைரஸ் இல்லை. நான் சுருக்கினதுகள். எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது. உம்மடை காவல்காரன் ஏன் பிடிச்சவன்?"

அவன் திரையை வாசித்தான். கொஞ்ச நேரம் வாசித்தான். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது போல.

"சுருக்கினால் உள்ளுக்க என்ன இருக்கெண்டு இதால பார்க்கேலாது அக்கா. கட்டியிருந்தால் பிடிக்கும்."

"அவிழ்த்துப் பார்க்காதோ?"

"அவிழ்க்கத் தெரியாது."

"பண்ணையில நிண்டவன் அவிழ்த்தெண்டாலும் பார்த்தான்," என்றேன். "பார்த்திட்டு உம்மைத் திரும்பக் கட்ட விட்டான். நீர் அதுகூடச் செய்யேல்லை."

பெடியன் முகம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போனது. கோப்பையில் ஒன்றும் இல்லை.

பொறுப்பெடுத்தல்

ஒரு ஆளை வாயால் அடித்த பிறகு என்ன செய்வது என்று எனக்கு எப்போதும் தெரியாது. அடிக்க மட்டும்தான் தெரியும். வானும் வெளியே நின்றது. அந்த இடத்தில் பேசியவர் தலைவர்.

"தம்பி, எடுத்துவிடுறன் எண்டனீர். எடுத்து எங்கை விட்டனீர்? அழிஞ்சு போச்சோ?"

"இல்லை ஐயா. உடனே அழிக்காது. சந்தேகத்தில பிடிச்சதுகளைப் புறம்பாத் தடுத்து வைச்சிருக்கும்."

தடுத்து வைத்திருக்கும். பெடியன் அதைச் சும்மா சொன்னான். நாங்கள் மூன்று பேரும் அதைச் சும்மா கேட்கவில்லை.

"அப்ப உயிரோடை இருக்கினம்," என்றார் தலைவர்.

"இருக்கு."

"விடலாமோ?"

"இது நல்லது எண்டு ஆராவது பொறுப்பெடுத்தால் விடலாம். ஒவ்வொண்டா அமத்தி விடவேணும்."

தலைவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். "முதலாவது ஆளைக் கூப்பிடும்."

சிறிகாந்தன் பெயரை வாசித்தான்.

"இது ஆர் பிள்ளை?"

"கணக்கு," என்றேன்.

"எங்கடை ஆள். விடும். அடுத்தது?"

"இங்கிலீசு அடிக்கிறது."

"தெரிஞ்ச ஆள். விடும். அடுத்தது?"

"தமிழ்."

"தமிழையுமோ பிடிச்சது?" என்றார் எட்வேட் அண்ணை.

"அதைத்தானே முதல் பிடிக்கும்," என்றார் தலைவர். "விடும் தம்பி."

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. கடிகாரம் காட்டுவது, கணக்குக் கூட்டுவது, அச்சு எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் தலைவர் என் பக்கம் திரும்புவார், நான் சொல்வேன், அவர் பொறுப்பெடுப்பார். பிடிபட்டவர்களை மீட்கப் போகிற எங்கள் ஊர் விதானையார்கூட இவ்வளவு கம்பீரமாக ஆள் அடையாளம் காட்டியதை நான் காணவில்லை. பெடியனுக்கும் சிரிப்பு வரத் தொடங்கியது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. நாலு எழுத்து, ஒரு இலக்கம்.

"இது ஆர் பிள்ளை?"

"எனக்குத் தெரியாது."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று வராது. "நான் சுருக்கினதில்லை. வரேக்கையே கட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்யிறதெண்டு தெரியாது."

"எனக்கும் தெரியாது அக்கா," என்றான் சிறிகாந்தன். "ஒருத்தருக்கும் தெரியாதெண்டால் அழிக்கிறதுதான் முறை."

தெரியாது என்ற அந்தச் சொல்லால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பிடித்துவைத்தவனைக் காட்டி இவனைத் தெரியுமா என்று கேட்டபோது, பயத்தில் அதைச் சொன்னவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவர்கள் இல்லை.

எட்வேட் அண்ணை குனிந்தார். செருப்பைக் கழற்றினார். கையில் எடுத்தார்.

"அதுக்கு நான் பொறுப்பு."

"அண்ணை, அது என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாது. கனகாலம் இந்தப் பெட்டிக்குள்ள எங்களோடை இருந்திருக்கு. ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. என்ரை பெயரைப் போடும்."

"பெயர் போடத் தேவையில்லை. அமத்தினால் சரி."

"அப்ப அமத்தும்."

பெடியன் செருப்பைப் பார்த்தான். அமத்தினான்.

வான் வெறுமையாய்ப் போனது

எட்வேட் அண்ணையின் விண்ணப்பத்தை அங்கேயே முடித்து அச்செடுத்தேன். தமிழ் புரோகிராம் வழமைபோல் கொஞ்சம் யோசித்துவிட்டு விரிந்தது. சிறிகாந்தன் பக்கத்தில் நின்று பார்த்தான். போகுமுன் தன் காவல்காரனைத் தானே இறக்கிக்கொண்டு போனான். எங்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. காவல் வந்து, கேட்காமலே இடத்தை விட்டுப் போனதை எங்கள் ஊரில் அந்த ஒருமுறைதான் கண்டேன்.

அவன் அறிக்கையில் என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பெட்டி எங்களிடம் இருந்தது. பாஸும் வந்தது. இறுப்பிட்டியார் கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர்களுக்கு வேறு யாரோ புதுசாக, நல்ல பெரிய டிஸ்க்கோடு ஒன்று அனுப்பினார்கள் என்று பிறகு கேள்வி. புங்குடுதீவார் புங்குடுதீவார்தான்.

அந்த நாலு எழுத்துப் புரோகிராம் என்ன செய்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொம்பியூட்டர் உப்புக்காற்றில் இறந்துபோகும் வரை அது அதற்குள்ளேயே கிடந்தது. எட்வேட் அண்ணை கடலால் வந்து கந்தோரைத் தாண்டும்போதெல்லாம் யன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்பார்.

"பிலோமினா, என்ரை ஆள் எப்பிடி?"

"இருக்கிறார் அண்ணை."

"கரைச்சல் தாறவரோ?"

"இல்லை. சுருண்டுபோய் ஒரு மூலையில கிடக்கிறார்."

"கிடக்கட்டும். ஆரும் வந்து கேட்டால் என்னைக் கூப்பிடும்."